பழைய ஜென்: முன் இடது சக்கரம் சுடுகிறது, காலிப்பர் மாற்றுவதும் ஏர் எடுப்பதும்

ஆனைமலை டீச்சர் | வெள்ளி, இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கமுங்க. அப்பா வாங்கிய 2001 மாருதி ஜென் பெட்ரோல் கார் எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் பொள்ளாச்சிக்கும் நான்தான் எடுத்துப் போகிறேன். மழைக்காலத்தில் தோப்புச் சாளையிலேயே பல நாள் நின்றுவிடும்.

கொஞ்ச நாளாகவே பிரேக் மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. வால்பாறையில் ஒரம்பரை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பினோம். நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆழியாறு வந்து நிறுத்தினால் முன் இடது சக்கரத்திலிருந்து கருகல் வாடை. வலது சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோக முடிகிறது, இடது பக்கம் அனல் அடிக்கிறது. சமவெளியில் ஓட்டினாலும் இடது மட்டும் சூடாகத்தான் இருக்கிறது.

இங்கே ஒரு பட்டறையில் காட்டினோம். சக்கரத்தைக் கழற்றாமலே "காலிப்பர் போச்சு, மாத்திரலாம்" என்றார்கள். சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற பிரேக் பாகம்தான் காலிப்பர். புதுசு கோயம்புத்தூரில் கிடைக்கிறது. ஆனால் அதுதான் கோளாறு என்று எப்படி உறுதி செய்வது? என் தம்பி ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். வேலையை நாங்களே செய்யலாம் என்கிறான். மாற்றிய பிறகு ஏர் எடுப்பதுதான், அதாவது பிரேக் லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான், எங்கள் இருவருக்கும் வெசனமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

திம்பம் 27 | வெள்ளி, இரவு 9:15

அக்கா, முதலில் ஒன்று. இது சரியாகும்வரை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். நான் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை வழியாகச் சாம்ராஜ்நகருக்கு வாரம் தவறாமல் போய் வருகிறவன். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரத்தோடு இறக்கத்தில் வருவது ஆபத்து. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கின் சூடு, அதை அழுத்திப் பிடிக்கும் பேடு வழியாக, பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலுக்கும் போகும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை இறங்கிவிடும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதிக்கிற அழுத்தமெல்லாம் ஆவியைச் சுருக்குவதிலேயே போய்விடும்.

உங்கள் காரில் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்கிற ரகம் என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் சேர்ந்தபின் அதே ஆயிலுக்கு 140 போதும். டாட் 4க்கு அது 230, 155. பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிற ஊர். வண்டியும் நின்றே கிடக்கிறது. ஆயிலைப் பார்க்காமல் காலிப்பரை மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

இன்னொன்று. சக்கரம் அனலாக இருக்கும்போது யாராவது தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றவே கூடாது, டிஸ்க் கோணிவிடும்.

ஆனைமலை டீச்சர் | வெள்ளி, இரவு 9:32

அப்பா இருந்தபோது மாற்றியதுதான். பிரேக் ஆயில் டப்பாவில் பார்த்தால் டீ டிகாஷன் நிறத்தில் இருக்கிறது.

பீளமேடு லேத் | வெள்ளி, இரவு 10:20

அந்த நிறமே சொல்லிவிட்டது, ஆயில் முழுவதும் மாற்ற வேண்டும். ஆனால் காலிப்பர் போய்விட்டதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. சக்கரம் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் மூன்று இடத்தில் இருக்கலாம்.

ஒன்று, பிஸ்டன் துருப்பிடித்து உள்ளேயே இறுகியிருக்கலாம். ஜென்னில் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர். பிஸ்டன் உள் பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் உடம்பே நகர்ந்து வெளிப் பேடை இழுத்து டிஸ்க்கில் சேர்க்கும். பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் இல்லை, உள்ளே இருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல். மிதிக்கும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து லேசாக முறுகும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். அந்தத் திரும்பலில்தான் பிஸ்டன் மயிரிழை அளவு பின்வாங்கிப் பேடு விடுபடுகிறது. பிஸ்டனில் துரு ஏறினால் சீலுக்கு அதை இழுக்கிற பலம் போதாது.

இரண்டு, காலிப்பர் நகர்கிற இரண்டு ஸ்லைடு பின்களில் ஒன்று இறுகியிருக்கலாம். இதுதான் நான் அதிகம் பார்ப்பது. கிரீஸ் காய்ந்து, பின்னை மூடுகிற ரப்பர் உறை (பூட்டு) கிழிந்து, தண்ணீர் புகுந்திருக்கும். இதற்குக் காலிப்பர் மாற்றவே வேண்டாம். சுத்தம் செய்து, சிலிக்கான் கிரீஸ் போட்டு, புதுப் பூட்டு மாட்டினால் தீர்ந்தது.

மூன்றாவது, காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ். வெளியே நன்றாகத் தெரியும், உள்சுவர் உப்பித் துளை அடைத்திருக்கும். மிதிக்கும் அழுத்தம் உள்ளே போய்விடும், விட்டால் திரும்பி வராது. ஒருவழி வால்வு வைத்தது மாதிரிதான். பலர் காலிப்பரை மாற்றிவிட்டு, அப்படியும் சூடாகிறதே என்று திரும்பி வருவது இதனால்தான்.

சோதனை எளிது. முன்பக்கம் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பெடலைச் சில தடவை மிதித்து விடுங்கள், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற இருக்கும் சின்னத் திருகான நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் லைனில் மாட்டியிருக்கிறது, ஹோஸைச் சந்தேகப்படுங்கள். சொட்டுச் சொட்டாக வந்து சக்கரம் அப்படியே இறுகி நின்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோதான்.

வண்டி இழுக்கிற பக்கம்தான் கெட்ட பக்கம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இடது காலிப்பர் பிடிக்காமலே செத்துக்கிடந்தால் வண்டி வலது பக்கம் இழுக்கும். உங்கள் விஷயத்தில் இழுப்பும் சூடும் ஒரே பக்கம் என்பதால் குழப்பமில்லை.

ஈரோடு எஸ்டீம் | சனி, காலை 7:05

லேத் அண்ணன் சொன்ன சோதனையை ஒவ்வொரு பட்டறையும் செய்தால் பாதிக் காலிப்பர்கள் குப்பைக்குப் போகாது. டீச்சர், பேடுகளைக் கழற்றியதும் உள் பேடு, வெளிப் பேடு இரண்டின் கனத்தையும் ஒப்பிட்டுப் படம் போடுங்கள்.

ஆனைமலை டீச்சர் | சனி, மாலை 6:10

தம்பியும் நானும் பார்த்துவிட்டோம்ங்க. நிப்பிள் திறந்தோம், சில சொட்டுதான் வந்தது, சக்கரம் விடுபடவில்லை. ஸ்லைடு பின்னில் மேலே உள்ளது நகர்கிறது, கீழே உள்ளது அசையவே இல்லை, பூட்டு கிழிந்திருக்கிறது. உள் பேடு கிட்டத்தட்ட இரும்புவரை தேய்ந்துவிட்டது, வெளிப் பேடில் பாதி மீதி இருக்கிறது. ஸ்குரூ கிளாம்பு வைத்துப் பிஸ்டனைத் தள்ளிப் பார்த்தோம், பின்னால் போகவில்லை. தூசி ரப்பரை விலக்கினால் பிஸ்டனைச் சுற்றிச் செந்துரு, சிறு சிறு குழிகள். படம் இணைத்திருக்கிறேன்.

பீளமேடு லேத் | சனி, மாலை 6:45

படம் பார்த்தேன். ஸ்லைடு பின், பிஸ்டன் இரண்டும் சேர்ந்தே கெட்டிருக்கிறது. சீல் உரசுகிற இடத்தில் குரோம் பூச்சு உரிந்து குழி விழுந்தால் அந்தப் பிஸ்டன் வேலைக்கு ஆகாது. எமரி போட்டுத் தேய்த்தால் பளபளப்பாகும், ஆனால் குழி குழிதான். புதுச் சீலையும் அது கிழிக்கும்.

ரிப்பேர் கிட்டும் (புது ரப்பர் சீல்கள்) புதுப் பிஸ்டனும் போட்டு இதே காலிப்பரை எழுப்பலாம். எங்கள் ஊரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பிஸ்டன் கடைந்து கொடுப்பவர்களும் உண்டு, கிடைக்காத பழைய வண்டிகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் அளவும் மேற்பரப்பு மெருகும் பிசகினால் ஒழுகும், அல்லது இறுகும். ஜென்னுக்கு உருப்படி கிடைக்கும்போது நான் புதுக் காலிப்பருக்குத்தான் சொல்வேன். லேத் வைத்திருக்கிறவனே சொல்கிறேன்.

ஈரோடு எஸ்டீம் | சனி, இரவு 7:20

இங்கே நான் மாறுபடுகிறேன். காலிப்பர் உடம்புத் துளையில் குழி இல்லையென்றால் கம்பெனிப் பிஸ்டன், கிட் போட்டால் போதும். புதுக் காலிப்பர் என்று விற்பதில் எல்லாமே தரமானது இல்லை. பழைய வார்ப்பின் தரம் இன்றைய மலிவு உருப்படிகளில் இருக்காது. என் எஸ்டீம் காரில் கிட் போட்டுத்தான் ஓட்டுகிறேன்.

பீளமேடு லேத் | சனி, இரவு 7:31

தரமான கிட், சுத்தமான இடம், பழகிய கை மூன்றும் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. அவர்கள் முதல் தடவை செய்கிறார்கள். அதனால்தான் சொன்னேன்.

சங்ககிரி பட்டறை | சனி, இரவு 9:50

அம்மணிக்கு வணக்கம். இழையை முழுக்கப் படித்துவிட்டு எழுதுகிறேன். எனக்குச் சங்ககிரியில் லாரிச் சோலிதான் அதிகம், ஏர் பிரேக். லாரியில் பிரேக் பிடிப்பதற்கே காற்று வேண்டும். காரில் அதே காற்று லைனுக்குள் புகுந்தால் வண்டி நிற்காது. அதனால் ஏர் எடுப்பதை வேலையின் கடைசி ஓரம் என்று நினைக்காமல், வேலையே அதுதான் என்று நினைத்து ஆரம்பியுங்கள்.

வாங்க வேண்டியது: இடது காலிப்பர், இரண்டு பக்கத்துக்கும் புதுப் பேடு செட், ஹோஸ் போல்ட்டுக்கு இரண்டு செம்பு வாஷர், சிலிக்கான் பிரேக் கிரீஸ், மூடி சீல் உடையாத பிரேக் ஆயில். ஆயில் ஒரு லிட்டர் இருந்தால் நான்கு சக்கரமும் கழுவி எடுக்கலாம். டப்பா மூடியில் டாட் 3 என்று போட்டிருந்தாலும் டாட் 4 ஊற்றலாம், அவை ஒத்துப்போகும். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், அது வேறு ஜாதி, கலக்கவே கூடாது. ஹோஸ் கம்பெனி போட்டது என்றால் இருபது வருடம் தாண்டிவிட்டது. எப்படியும் கழற்றத்தானே போகிறீர்கள், புதிது போட்டுவிடுங்கள்.

சமதரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சக்கர நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம், ஸ்டாண்டு வையுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். இதில் சமரசம் கிடையாது.

காலிப்பர் வண்டியில் மாட்டியிருக்கும்போதே ஹோஸ் போல்ட்டைச் சித்தெ தளர்த்திக்கொள்ளுங்கள். கீழே இறக்கிய பிறகு அதைத் தளர்த்தப் பிடிமானம் இருக்காது. அப்புறம் ஒரு விஷயம், பலருக்குத் தெரியாது. பெடலை ஒரு அங்குலம் போல அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு குச்சியை முட்டுக் கொடுத்துவிடுங்கள். டப்பாவிலிருந்து, பெடல் மிதித்ததும் லைனுக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் இறங்கும் துளை அதில் மூடிக்கொள்ளும். ஹோஸைக் கழற்றும்போது டப்பா காலியாகாது, மாஸ்டருக்குள் காற்றும் போகாது. பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி வயர் ஒன்றைக் கழற்றி வையுங்கள்.

பழைய காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடக் கூடாது, கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். பேடின் காது உட்காரும் இடங்களைக் கம்பி பிரஷ் போட்டுத் துருவெடுங்கள். அங்கே துரு இருந்தால் புதுப் பேடும் இறுகி, மறுபடி இதே கதைதான். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே அடித்திருக்கும், வெர்னியர் வைத்துப் பாருங்கள். இவ்வளவு சூடேறிய டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ இரண்டு பக்கமும் மாற்றுவது நல்லது.

ஸ்லைடு பின்னுக்குச் சாதா சக்கர கிரீஸ் போடாதீர்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும். அதே காரணத்தால் பிரேக் டப்பாவில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில்கூடப் போகக் கூடாது. போனால் மாஸ்டரிலிருந்து பின் வீல் சிலிண்டர் வரை ரப்பர் மொத்தமும் மாற்ற வேண்டிவரும்.

செம்பு வாஷர் ஹோஸ் முனைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பழையதைத் திரும்பப் போடுவது தப்பு. முறுக்கும்போது ஸ்பேனரில் பைப் செருகி நீட்ட வேண்டாம், அந்தப் போல்ட் உள்ளே துளையுள்ளது, அறுந்துவிடும். முடித்ததும் ஸ்டியரிங்கை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பி, ஹோஸ் முறுகுகிறதா, எதிலாவது உரசுகிறதா என்று பாருங்கள்.

இனி ஏர். பெடலுக்கு முட்டுக் கொடுத்த குச்சியை எடுத்துவிட்டு, டப்பாவில் ஆயிலை நிரப்பி, நிப்பிளைத் திறந்துவிட்டுச் சும்மா இருங்கள். ஆயில் தானாக இறங்கி வந்து சொட்டும். இதற்குப் பத்து நிமிடமும் ஆகலாம், அவசரப்பட வேண்டாம். பெரும்பகுதிக் காற்று இதிலேயே போய்விடும். சொட்டு சீரானதும் நிப்பிளை மூடி, அதில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்க வையுங்கள்.

இன்ஜின் நிறுத்தியே இருக்கட்டும். தம்பி நிப்பிள் பக்கம், நீங்கள் பெடலில். "மிதி" என்றால் நிதானமாக மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். அவர் கால் சுற்று திறப்பார், பெடல் இறங்கும், ஆயில் குமிழியோடு வரும். மூடிவிட்டு "விடு" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் போன காற்று திரும்ப வரும். சடசடவென்று பம்ப் அடிக்காதீர்கள், பெரிய குமிழி உடைந்து நுரையாகிவிடும், அதை எடுப்பது இன்னும் கஷ்டம். டப்பாவில் ஆயில் பாதிக்குக் கீழே போகவே விடக் கூடாது.

பழைய வண்டி என்பதால் இன்னொரு எச்சரிக்கை. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதிவரை பிஸ்டன் போவதே இல்லை, அங்கே கசடும் துருவும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் சீல் அந்தத் துருவில் உரசிக் கிழியும். நல்லாயிருந்த மாஸ்டர் சிலிண்டர் காலிப்பர் வேலைக்குப் பிறகு திடீரென்று போவது இப்படித்தான்.

முதலில் திறந்த சக்கரத்தை முடியுங்கள். அப்புறம் பழைய ஆயிலைக் கழுவ, மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து வாருங்கள். நம்மூர் வலது ஸ்டியரிங் வண்டிக்குப் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று போவது வழக்கம். வண்டியின் கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதுதான் சட்டம். பின் சக்கர நிப்பிள்கள் துருவில் இறுகிக் கிடக்கும், இன்று இரவே துரு விடும் ஆயில் அடித்து வையுங்கள். நாளை ஆறுமுனை ரிங் ஸ்பேனரால்தான் திறக்க வேண்டும்.

பிரேக் ஆயில் வண்டியின் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், துணியால் துடைத்தால் போதாது.

காங்கேயம் காளை | சனி, இரவு 10:15

ஐயா, இதை அப்படியே சேமித்து வைத்துக்கொண்டேன். தனியாளாகச் செய்ய வேண்டுமென்றால் என்னங்க வழி? வேக்கம் பம்ப் வாங்கலாமா?

ஈரோடு எஸ்டீம் | சனி, இரவு 10:40

நான் கை வேக்கம் பம்ப்தான் வைத்திருக்கிறேன். ஆள் தேட வேண்டாம். ஒரே குறை, நிப்பிள் மரை வழியாக வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். குழாயில் குமிழி வந்துகொண்டே இருக்கும், லைனில் இன்னும் காற்று இருக்கிறதோ என்று ஏமாந்துவிடுவோம். மரையைச் சுற்றிச் சிலிக்கான் கிரீஸ் தடவினால் குறையும்.

சங்ககிரி பட்டறை | சனி, இரவு 10:52

பம்ப் வைத்து எடுத்தாலும் முடிக்கும்போது ஒரு ஆளைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லிப் பாருங்கள் தம்பி. மிதித்த அழுத்தத்தில் ஒழுகுகிறதா என்பதை வேக்கம் காட்டாது.

ஆனைமலை டீச்சர் | ஞாயிறு, மாலை 5:25

காலிப்பர், பேடு, ஹோஸ், வாஷர் எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஐயா சொன்ன வரிசைப்படியே செய்தோம். பின் நிப்பிள்கள் அறுந்துபோகாமல் திறந்தன. நான்கு சக்கரத்திலும் புது ஆயில் தெளிவாக வருகிறது, குமிழி இல்லை. ஒழுகலும் இல்லை.

ஆனால் பெடல் மெத்தென்று இருக்கிறது. இரண்டு மூன்று தடவை மிதித்தால் கொஞ்சம் மேலே வருகிறது, அப்போதும் கெட்டியாக இல்லை, ஸ்பாஞ்சு மாதிரி அமுங்குகிறது. இடது முன் சக்கரத்தில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டோம், குமிழியே வரவில்லை. ஆயில் பாட்டில் காலியாகப் போகிறது. காலிப்பர் வேலைக்கு முன்பு பெடல் இப்படி இல்லை.

ஈரோடு எஸ்டீம் | ஞாயிறு, மாலை 5:50

மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கலாம். மிதித்து அப்படியே ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். வெளியே ஒழுகாமல் பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் உள் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆனைமலை டீச்சர் | ஞாயிறு, மாலை 6:02

பிடித்துப் பார்த்தேன், இறங்கவில்லை. அமுங்கிய இடத்திலேயே நிற்கிறது.

பீளமேடு லேத் | ஞாயிறு, மாலை 6:15

அப்படியென்றால் மாஸ்டரை விட்டுவிடலாம். பின் சக்கர டிரம் பிரேக்கில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால் பெடல் தாழ்ந்து இருக்கும், ஆனால் இரண்டாவது மிதியில் மேலே வந்து கல் மாதிரி நிற்கும். உங்களுடையது மேலே வந்த பிறகும் அமுங்குகிறது. அது காற்றேதான். எங்கோ மாட்டியிருக்கிறது.

சங்ககிரி பட்டறை | ஞாயிறு, மாலை 6:30

அம்மணி, புதுக் காலிப்பரைச் சக்கரம் இல்லாமல் நேராக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நிப்பிள் மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா?

ஆனைமலை டீச்சர் | ஞாயிறு, மாலை 6:48

படம் போட்டிருக்கிறேன். நிப்பிள் கீழே இருக்கிறதுங்க, ஹோஸ் சேரும் இடம் அதற்கு மேலே. பெட்டியில் இடது என்றுதான் ஒட்டியிருக்கிறது. கடையிலும் இடது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

சங்ககிரி பட்டறை | ஞாயிறு, மாலை 7:05

பெட்டியில் என்ன ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது வலது பக்கக் காலிப்பர். போல்ட் துளைகள் ஒன்றாக இருப்பதால் மாறிப் போட்டாலும் கச்சிதமாக உட்காரும். நிப்பிள் மட்டும் தலைகீழாகிவிடும்.

காற்று எப்போதும் மேலேதான் போய் நிற்கும். பிஸ்டன் அறையின் மேல் மூலையில் அது தேங்கிக் கிடக்கிறது, நீங்கள் அடியிலிருந்து ஆயிலை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் குமிழியே இல்லாமல் தெளிவாக வருகிறது, பெடலும் மெத்தென்று இருக்கிறது. எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அந்தக் காற்று அசையாது. தம்பி செய்த வேலையில் குறையே இல்லை.

காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு ஒரு மரத்துண்டு செருகி, நிப்பிள் மேலே இருக்கும்படி கையில் பிடித்துக்கொண்டு ஏர் எடுக்கலாம், பெடல் கெட்டியாகிவிடும். சிலர் அப்படியே மாட்டி ஓட்டுவதும் உண்டு. அதை நான் சொல்ல மாட்டேன். ஹோஸ் சேரும் கோணம் தப்பு, சக்கரம் திரும்பும்போது ஹோஸ் இழுபடும். அடுத்த முறை யாராவது சாதாரணமாக ஏர் எடுத்தால் மறுபடி இதே நிலைமை. கடைக்குக் கொண்டுபோய் மாற்றி வாங்குங்கள். வார்ப்பிலேயே எல் அல்லது ஆர் எழுத்து இருக்கும் பல உருப்படிகளில். எழுத்து இல்லையென்றாலும் பழைய இடது காலிப்பரைக் கையோடு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிப்பிள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.

திம்பம் 27 | ஞாயிறு, இரவு 7:20

இந்த ஒரு பதிலுக்காகவே இந்த இழையை மேலே நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாற்றுகிறவர்கள் இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுவிட்டால் இரண்டிலும் காற்று நிற்கும். பழியெல்லாம் மாஸ்டர் சிலிண்டர் மேல் விழும்.

ஆனைமலை டீச்சர் | புதன், இரவு 8:15

மாற்றி வாங்கிவிட்டோம். பழையதைப் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் கடைக்காரரே உள்ளே போய் வேறு பெட்டி எடுத்து வந்தார். இந்த முறை நிப்பிள் மேலே. முதலில் ஆயிலைத் தானாக இறங்கவிட்டோம், அப்புறம் தம்பி திறக்கத் திறக்க ஒரு பெரிய குமிழியும் பின்னாலேயே சின்னச் சின்னதாகவும் வந்தது. அதோடு பெடல் மேலே ஏறிக் கெட்டியாகிவிட்டது. செம்பு வாஷரும் புதிதாகத்தான் போட்டோம். இன்ஜின் போட்டதும் பெடல் லேசாக இறங்குகிறது, அது சரிதானுங்களா?

பீளமேடு லேத் | புதன், இரவு 8:25

சரிதான். மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வண்டியை நகர்த்தும் முன் நின்ற இடத்திலேயே பெடலைச் சில தடவை மிதித்துப் பேடு டிஸ்க்கில் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேடு மாற்றிய வண்டியில் முதல் மிதி வெறும் மிதியாகப் போகும், அதற்குள் வண்டி சாலைக்கு வந்திருக்கக் கூடாது.

புதுப் பேடைப் பழக்க வேண்டும். விடியற்காலையில் ஆளில்லாத ரோட்டில் ஐம்பது வேகத்திலிருந்து பத்துவரை நிதானமாகக் குறையுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு மறுபடி செய்யுங்கள். சூடான பேடோடு பெடலை அழுத்தியபடி நிற்க வேண்டாம், டிஸ்க்கில் அந்த இடத்தில் படிமம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் பெடல் துடிக்கும்.

ஆனைமலை டீச்சர் | ஞாயிறு, காலை 9:30

உடுமலை ரோட்டில் காலையிலேயே போய்ப் பழக்கிவிட்டு வந்தோம். ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு மிதித்தாலும் வண்டி நேராக நிற்கிறது. வந்து நிறுத்தியதும் இரண்டு முன் சக்கரமும் ஒரே அளவு சூடு. அப்பா ஓட்டும்போது பெடல் எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறது. எல்லோருக்கும், முக்கியமாகச் சங்ககிரி ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றிங்க. வலது பக்க ஸ்லைடு பின்னையும் கழற்றிப் பார்த்தோம், கிரீஸ் காய்ந்துதான் கிடந்தது. சுத்தம் செய்து புதுக் கிரீஸ் போட்டுவிட்டோம். வலது ஹோஸ் மட்டும் பழையது.

சங்ககிரி பட்டறை | ஞாயிறு, காலை 10:10

சந்தோஷம் அம்மணி. வலது ஹோஸையும் அடுத்த மலைப் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள், இரண்டும் ஒரே வயதுதானே. ஓரிரு நாள் கழித்துச் செம்பு வாஷர் பக்கம் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மலை ஏறிய கியரிலேயே இறக்கத்திலும் இறங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

காங்கேயம் காளை | ஞாயிறு, காலை 10:35

ஐயா, கடைசியாக ஒன்று. பாட்டிலில் மீதியிருக்கும் புது ஆயிலை அடுத்த வருடத்துக்கு வைக்கலாமா? பழைய ஆயிலை என்ன செய்வது?

சங்ககிரி பட்டறை | ஞாயிறு, காலை 11:00

திறந்த பாட்டிலை வைத்திருந்து அடுத்த வருடம் ஊற்ற வேண்டாம் தம்பி, ஈரம் இழுத்திருக்கும். சின்னப் பாட்டிலாக வாங்குங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக மாற்றினால் போதும். பழையதைச் சாக்கடையிலோ தோப்பு மண்ணிலோ ஊற்றாதீர்கள், கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். மூடி போட்ட கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுப்பவர்கள் வரும் பட்டறையில் கொடுங்கள். இது பிரேக் ஆயில் என்று சொல்லித் தனிக் கேனாகக் கொடுங்கள், இன்ஜின் ஆயிலோடு கலக்காமல்.